ஷட்டவுன் கேட்டேன்

ஜன்னல் ஓரம் நீயே உக்காரும்மா. வெயில் அந்தப் பக்கந்தான் அடிக்கும், பெறகு என்னையச் சொல்லக் கூடாது. நான் விருதுநகர் போறேன். பதினோரு மணிக்கு எனக்கு விசாரணை. ஏம்மா, விசாரணைன்னதும் பையத் தூக்கி மடியில வச்சுக்கிட்ட? நான் யாரு வீட்டுலயும் களவாங்கல. சாட்சி சொல்லப் போறேன். சாட்சியும் நாந்தான், குத்தம் பண்ணுனவளும் நாந்தான்னு வச்சுக்கயேன். அதெப்படின்னு கேக்கிறியா? கேளு, போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்கு.

எம் பேரு சண்முகக்கனி. ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லுல கோன் வைண்டிங், அதான் நூலக் கோன்ல சுத்துற வேலை, பாக்கிறேன். ஒம்பது வருசமா. அதுக்கு முந்தி அங்க வேலை பாத்தது எங்க வீட்டுக்காரரு. எலக்ட்ரீசியன். பேரு சொல்லமாட்டேன். இந்தா, நோட்டீஸ்ல இருக்கு, நீயே வாசிச்சுக்க. ஆங், அதேதான். வாயால சொல்லமாட்டேனே ஒழிய எழுதுவேன். ஒம்பது வருசமா அவுக பேர எழுதுனது பூராம் நாந்தான்.

என்ன ஆச்சுன்னா, மில்லுக்குள்ள மேல ஓடுற கரண்டு லயன்ல ஒரு வேலை. ஏணி போட்டு ஏறணும். ஏறுறதுக்கு முந்தி ஷட்டவுன் கேக்கணும். அந்த லயனுக்குக் கரண்ட நிறுத்திட்டாகன்னு தெரிஞ்ச பெறகுதான் கை வைக்கணும், அதான் மொற. இவுக கேட்டாக. போர்மேன் தனுஷ்கோடி, ‘பியூஸப் புடுங்கிட்டேன், ஏறு’ன்னான். நம்பி ஏறுனாக. அடிச்சுத் தள்ளிருச்சு. பின்னங்கழுத்து போயி மிசின் மேல விழுந்துச்சு. உசுரு தங்கிருச்சு. கழுத்துக்குக் கீழ எதுவும் வேலை செய்யல. தோள லேசா அசைப்பாக, அம்புட்டுத்தான்.

இது அவுக சொன்னது. தனுஷ்கோடி என்ன சொன்னான்னா, ஷட்டவுனே கேக்கல, மொரட்டுத்தனமா ஏறிட்டான்னு. நான் அங்க இல்ல. ஆனா எம் புருசன் வாயில பொய் வராது. வேலையில அப்படி ஒரு சுத்தம். வீட்டுல பல்பு மாத்துறதுக்கே மெயின ஆஃப் பண்ணிட்டு, என்னையக் கொண்டுபோயி அங்க காவலுக்கு நிறுத்துற மனுசன் அது. அவுக கேட்டுத்தான் ஏறுனாகன்னு எனக்கு இப்பவும் தெரியும். அப்பவும் தெரியும்.

மதுரையில ஆறு மாசம் ஆஸ்பத்திரி. தனுஷ்கோடியே பாக்க வந்தான், ஆப்பிள் வாங்கிக்கிட்டு. வராண்டாவுல என்னையத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னான்: ‘என் கவனக்குறைவு, நான் ஷட்டவுன் கேக்காம ஏறுனேன், மில்லு மேல ஒரு புகாரும் இல்லன்னு உன் புருசன் எழுதிக் குடுத்தா, ஒனக்கு மில்லுல வேலை. இப்ப இருக்குற மில்லு லயன் வீட்டுலயே இருந்துக்கலாம். கை வெளங்காட்டி என்ன, நீ எழுதி அவன்கிட்ட ரேகை வாங்கிக் குடு.’

நான் உள்ள போயி மெதுவா அவுக காதுல போட்டேன். படுத்த படுக்கையாக் கெடக்குற மனுசனுக்கு வந்துச்சு பாரு கோவம். ‘ஏங்கனி, தெருவுல நின்னு செத்தாலும் சரி, அதுல எம் ரேகை படாது’ன்னாக. ரோசம்! ரோசத்த ஒலையில போட்டா வேகுமா? மக அப்ப ஆறாவது படிக்கிறா. நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப? சொல்லு. சொல்லமாட்ட. யாரும் சொல்லமாட்டாக. பண்ணுன பெறகு மட்டும் வந்து நாயம் பேசுவாக.

நான் எழுதுனேன். எட்டாவது வரைக்கும் படிச்சவ, கையெழுத்து முத்து முத்தா இருக்கும். எழுதி, அவுக கட்டில் பக்கத்துல உக்காந்தேன். கை போர்வைக்கு வெளிய கெடந்துச்சு. அவுக ஃபேனப் பாத்துக்கிட்டுக் கெடந்தாக. பெருவெரல எடுத்து மையில ஒத்தி, பேப்பர்ல உருட்டுனேன். தெரியல அவுகளுக்கு. எப்படித் தெரியும்? ஊசி குத்துனாலே தெரியாதே. தேங்கா எண்ணெயத் தொட்டுத் துளி மை இல்லாமத் தொடச்சேன். அப்பப் பாத்து, ‘என்ன கனி பண்ற’ன்னாக. ‘நகம் வெட்டுறேன்’னேன். சொன்னது பொய்யாகிறக் கூடாதுல்ல, உக்காந்து பத்து நகத்தையும் வெட்டி விட்டேன்.

வேலை கெடச்சுச்சு. வீடு நிலைச்சுச்சு. மகளப் படிக்க வச்சுக் கட்டியும் குடுத்தாச்சு, திருப்பூர்ல இருக்கா. மில்லுக்காரன் இரக்கப்பட்டு வேலை குடுத்தான்னு அவுக நெனச்சுக்கிட்டாக. நானும் அப்படியே விட்டுட்டேன். நெனச்சுக்கிடட்டும், நிம்மதியா இருக்கட்டும்னுதான்.

அதுக்குப் பெறகும் அவுக சும்மா இருக்கல பாத்துக்க. ‘எழுது கனி’ன்னு கலெக்டருக்கு ஒண்ணு, முதலாளிக்கு ஒண்ணு, மாசத்துக்கு ஒரு மனு சொல்லுவாக. ‘இது உங்கள் போர்மேன் செய்த குற்றம்’னு சொல்லுவாக. நான், ‘தங்கள் பாதம் பணிந்து கேட்டுக்கொள்வது’ன்னு எழுதுவேன். ‘விசாரிக்க வேண்டும்’னு சொல்லுவாக. ‘சக்கர நாற்காலி ஒன்று தயவுகூர்ந்து’ன்னு எழுதுவேன். வாசிச்சுக் காட்டும்போது அவுக சொன்னபடியே வாசிப்பேன். அவுகளுக்கும் மனசு ஆறும், எழுதுனதுக்கும் பலன் இருக்கும். சக்கர நாற்காலி வந்துச்சா இல்லையா? வந்துச்சு. நான் எழுதுனதுனாலதான் வந்துச்சு.

இப்படி நல்லாப் போயிக்கிட்டிருந்த வண்டியிலதான் அந்த மிசின் வந்து ஏறுச்சு.

மதுரையில இருந்து ரெபேக்கா மேடம்னு ஒருத்தக, ஒரு டிரஸ்ட்டுல இருந்து மாசாமாசம் வந்து அவுகளுக்குக் கழுத்துப் பயிற்சி குடுப்பாக. அந்த மேடம் போன வருசம் ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் கொண்டாந்து கட்டிலுக்கு எதுத்தாப்புல வச்சாக. கம்ப்யூட்டர் மண்டையில ஒரு சின்னப் பொட்டி, தீப்பெட்டி கணக்கா. அதுல இருந்து ஒரு வெளிச்சம் வருதாம், நம்ம கண்ணுக்குத் தெரியாதாம், இன்ஃப்ராரெட்டாம். நெத்தியில பளபளன்னு ஒரு பொட்டு ஒட்டணும். வெளிச்சம் பொட்டுல பட்டுத் திரும்பி வாறத வச்சு, தலை எங்கிட்டுத் திரும்புதுன்னு பொட்டி கண்டுக்கிடும். தலையத் திருப்புனா திரையில அம்பு நகரும். எழுத்தெல்லாம் திரையிலயே வரிசையா இருக்கு. ஒரு எழுத்து மேல ஒரு மூச்சு நேரம் அம்ப நிறுத்துனா, அந்த எழுத்து விழுந்துரும். கையே வேணாம்.

‘கனியக்கா, இனி ஒங்களுக்குப் பாதி வேலை கொறஞ்சிரும்’னு அந்த மேடம் சிரிச்சாக. வேலை கொறையணும்னு நான் யாருகிட்டக் கேட்டேன்?

ஆனா ஒண்ணு, நான் அதுக்கு எடஞ்சல் பண்ணுனேன்னு யாரும் சொல்ல முடியாது. மேடம் குடுத்த பொட்டெல்லாம் வேர்வையில உரிஞ்சு ரெண்டு வாரத்துல தீந்து போச்சு. நான் என்ன பண்ணுனேன், டிராக்டர் பின்னால ஒட்டுற ரேடியம் ஸ்டிக்கர் வாங்கி, காகிதத்துல ஓட்டை போடுற பஞ்சிங் மிசின்ல அமுக்கி அமுக்கி நூறு பொட்டு வெட்டுனேன். மேடமே அசந்துட்டாக. தெனமும் காலையில முகந்தொடச்சு நாந்தான் ஒட்டி விடுவேன். நான் ஒட்டாட்டி அந்த மிசினுக்குக் கண்ணு தெரியாது.

மொதல்ல அம்பு கயிறத்த கன்னுக்குட்டியாட்டம் ஓடுச்சு. ‘சாப்பிடுறீகளா’ன்னு கேப்பேன், அவுக தலைய ஆட்டுவாக, அம்பு அங்கிட்டும் இங்கிட்டும் பாஞ்சு அதுவரைக்கும் எழுதுனதக் கெடுத்துப்புடும். பெறகு அவுக தலையாட்டுறதையே விட்டுட்டாக. இருபத்தோரு வருசமா நான் என்ன சொன்னாலும் தலையாட்டுன மனுசன், ஆட்டாம, ‘இரு கனி, முடிச்சிட்டுச் சொல்றேன்’னு பழகிட்டாக. எனக்கு அது புடிக்கல. சொல்லப்போனா ரொம்பவே புடிக்கல.

மொத மொதல்ல என்ன எழுதுனாக தெரியுமா? ரெண்டு மணி நேரம் கழுத்த முறிச்சு எழுதுனாக. நான் அடுப்படியில நின்னுக்கிட்டு நெனக்கேன், எம் பேரத்தான் எழுதுவாக. ஒம்பது வருசம் ஊட்டி விட்டவ, கழுவி விட்டவ, வேற யாரு பேர எழுதப் போறாகன்னு. சேலையில கையத் தொடச்சுக்கிட்டு வந்து பாத்தேன். ‘ஷட்டவுன் கேட்டேன்.’ அம்புட்டுத்தான். அந்த ரெண்டு வார்த்தை. எனக்கு அழுகை வந்துருச்சு, மறைக்கமாட்டேன். எம் பேரு இல்லையேன்னு அழுதேனா, வேற எதுக்கும் அழுதேனான்னு எனக்குத் தெரியாது.

பேசுனா தானா எழுதுற போனும் இருக்குன்னு மேடம் சொன்னாக. இவுக வேணாம்னுட்டாக. ஏன்னு கேட்டா, ‘இது சத்தம் போடாம எழுதும்’னாக. பாத்துக்க. நான் கேட்டுறக் கூடாதாம்.

கேக்கத்தான கூடாது, பாக்கலாமேன்னு நான் பின்னால வந்து நிப்பேன். அதுலயும் ஒரு எழவு. இந்தா, இந்த மூக்குத்தி இருக்குல்ல, எட்டுக்கல்லு, எங்கம்மா போட்டது. நான் எட்டிப் பாத்தா அந்தப் பொட்டி பொட்ட விட்டுட்டு மூக்குத்தியப் புடிச்சுக்கிடும். அம்பு விருட்டுன்னு எம் பக்கம் ஓடியாரும். திரும்பிப் பாக்காமலே, ‘கனி, தள்ளி நில்லு’ம்பாக. கழட்டி வச்சிட்டு வந்து பாக்க வேண்டியதுதானேன்னு நீ கேப்ப. எதுக்குக் கழட்டணும்? எவ வீட்டு மிசினுக்காக நான் மூக்குத்தியக் கழட்டணும்?

மனு எழுத ஆரம்பிச்சாக. ஒத்தப் பக்கம் எழுத நாலு நாளு. அதையாவது ஒழுங்கா எழுதுறாகளா? ஒரு ‘பணிவுடன்’ கெடையாது, ஒரு ‘ஐயா’ கெடையாது. அவுக தூங்குற நேரம் பாத்து நான் மேல, ‘மதிப்பிற்குரிய ஐயா அவர்களின் சமூகத்துக்கு’ன்னு தட்டி வச்சேன். முழிச்சதும் அழிச்சாக, ஒவ்வொரு எழுத்தா, தலையத் திருப்பித் திருப்பி. மறுநா மறுபடி வச்சேன். மறுபடி அழிச்சாக. மூணு நாளு. நாலாம் நாளு நான் விட்டுட்டேன். பாவம், கழுத்து வீங்கிப்போச்சு.

அது எதுக்கு எழுதுன மனுன்னு நெனக்கிற? விபத்துக் காயிதத்துக்கு நகல் கேட்டு. மில்லுகள மேப்பாக்கிற ஆபீஸ் ஒண்ணு இருக்குல்ல, அங்க. ஆபீஸ்காரகளும் அனுப்பி வச்சுட்டாக. மெயில்ல வந்துச்சு.

அன்னிக்கு நான் ஷிப்டு முடிஞ்சு வந்து செருப்பக் கூடக் கழட்டல. ‘கனி, இங்க வந்து பாரு’ன்னாக. எப்பவும் தள்ளி நில்லுங்கிற மனுசன் கூப்பிடுறாகளேன்னு சந்தோசமாப் போனேன். திரையில எங்கையெழுத்து. முத்து முத்தா. கீழ ரேகை. மூக்குத்தியப் பாத்து அம்பு தடுமாறுது, தள்ளி நில்லுன்னு அவுக சொல்லல.

‘எப்ப எடுத்த?’ன்னாக.

‘நகம் வெட்டுன அன்னிக்கு’ன்னேன். எதுக்கு மறைக்கணும்?

திட்டியிருந்தா நான் நாலு சொல்லியிருப்பேன். எங்கிட்ட எல்லாம் தயாரா இருந்துச்சு. வேலை, வீடு, மக படிப்பு, எல்லாம் அந்த ரேகையில வந்ததுதானன்னு. திட்டல. மூணு நாளு வாயத் தெறக்கல. ஊட்டுனா வாங்கிக்கிட்டாக, தண்ணி குடுத்தாக் குடிச்சாக. எனக்கு வந்த ஆத்திரத்துல ரெண்டாம் நாளு பொட்டு ஒட்டல. கெடங்க, எப்படி எழுதுறீகன்னு பாக்கேன்னு வேலைக்குப் போயிட்டேன். சாயங்காலம் வந்தேன், காலையில விட்டுட்டுப் போன மாதிரியே வெறுந்திரையப் பாத்துக்கிட்டுக் கெடந்தாக. ஒட்டி விடுன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டா என்ன கொறஞ்சா போயிருவாக? மறுநா நானே ஒட்டுனேன். என்னால அதப் பாத்துக்கிட்டு இருக்க முடியலம்மா. அத மட்டும் ஒத்துக்கிடுறேன்.

அன்னிக்கே எழுதுனாக, புது மனு. அந்தக் கடிதம் என்னுடையதல்ல, அந்த ரேகை என்னை அறியாமல் பிறரால் வைக்கப்பட்டதுன்னு. பிறரால்! இருபத்தோரு வருசம் பொண்டாட்டியா இருந்தவ பிறரா? ‘எம் பேரப் போடுங்க’ன்னேன். ‘வேணாம் கனி’ன்னாக. எனக்குப் பாதுகாப்பாம்.

ஆபீஸ்ல எழுத்து யாருதுன்னு பாத்தாக, எனக்கும் நோட்டீஸ் வந்துருச்சு. அது வந்த மறுநாளே தனுஷ்கோடி கூப்பிட்டான். இப்ப அவன் மேனேஜரு. ஏசி ரூமு. ‘இங்க பாரு சண்முகக்கனி, ஒன் புருசன் நல்ல புத்தியோட, தானாத்தான் ரேகை வச்சான்னு சொல்லிரு. ஒன் வேலையும் வீடும் அப்படியே இருக்கும். மாத்திச் சொன்னேன்னா ரெண்டும் போயிரும், கள்ள ரேகை எடுத்தவன்னு ஒன்னையத்தான் உள்ள வைப்பாக’ன்னான்.

‘சரிங்க சார்’னு சொல்லிட்டு வந்தேன். சரிங்க சார்னா சொன்னபடி செய்வேன்னா அர்த்தம்? அது அவனுக்குத் தெரியாது.

வீட்டுல வந்து சொன்னேன். அவுக, ‘ஒனக்கு எது சரின்னு படுதோ அதச் சொல்லு’ன்னாக. இவுக அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பெரிய எடஞ்சலாப் போச்சு. ஒரு வாரமா அதையே போட்டு ஒழட்டிக்கிட்டு இருக்கேன். நான் ஒண்ணு சொன்னா இவுக சாகுற வரைக்கும் கேக்காம ஏறுன மொரடன். இன்னொண்ணு சொன்னா ரெண்டு பேரும் நடுத்தெருவுல. சிவகாசி வந்துருச்சா? ஆமா. இந்தக் கூட்டம் ஏறி முடியட்டும், இரு.

இன்னைக்குக் காலையில என்ன நடந்துச்சுன்னா, கெளம்புறப்ப, ‘பிரிண்டர்ல ஒரு பேப்பர் இருக்கு, எடுத்துக்கிட்டுப் போ, சௌரியமா இருக்கும்’னாக. பஸ் ஸ்டாண்டுல நின்னு வாசிச்சேன். நீயும் வாசி, சத்தமாவே வாசி, எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல. ‘மனுதாரரின் மனைவியாகிய நான், வறுமையாலும் பயத்தாலும், போதிய படிப்பறிவு இல்லாததாலும், நிர்வாகத்தின் மிரட்டலுக்குப் பணிந்து, விவரம் அறியாமல் அந்த ரேகையை எடுத்துவிட்டேன். என் கணவருக்கு இது தெரியாது. என்னை மன்னிக்கும்படி...’

பாத்தியா? பாத்தியா அநியாயத்த?

பயமா? யாரு பயந்தா? தனுஷ்கோடிக்கு நான் பயந்தேன்னு இவுககிட்ட எப்பச் சொன்னேன்? படிப்பறிவு இல்லையாம்! முத்து முத்தான கையெழுத்து, அதச் சாட்சிக்கு வச்சுக்கிட்டே எழுதுறாக, படிப்பறிவு இல்லைன்னு! விவரம் தெரியாமயாம். எல்லா வெவரமும் தெரிஞ்சுதான் பண்ணுனேன். இதுல மன்னிப்பு வேற. நான் மன்னிப்புக் கேட்டனா? கேப்பேன்னு சொன்னனா?

இதுல கீழ நான் கையெழுத்துப் போட எடம் விட்டுருக்காக, பாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இத எழுத எத்தன நாளு கழுத்து வலிச்சுச்சோ, அது வேற வெசயம். எனக்கு நல்லதுன்னுதான் எழுதியிருக்காக, தெரியும். நல்லதுக்குன்னா? நான் சொல்லாதத நான் சொன்னதா எழுதிறலாமா? எழுதுறது ஒருத்தரு, ஒப்பு இன்னொருத்தருதுன்னா அது என்னம்மா வாக்குமூலம்? ஒரு மனுசிய உசுரோட வச்சுக்கிட்டு அவ வாய இன்னொருத்தரு பேசுறதா? இத எந்த ஊரு ஒத்துக்கிடும்?

ஏம்மா சிரிக்கிற? இதுல சிரிக்க என்ன கெடக்கு? சரி சரி, பேனா இருந்தாக் குடு. பேப்பர் இதே போதும், பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு. பஸ்ஸு குலுக்குனாலும் எங்கையெழுத்து கோணாது.

‘ஷட்டவுன் கேட்டுத்தான் ஏறினார். கடிதம் நான் எழுதினேன். ரேகை நான் எடுத்தேன். பயந்து எடுக்கவில்லை. கேட்டால் கொடுக்கமாட்டார் என்று தெரிந்துதான் கேட்காமல் எடுத்தேன். மில்லில் சொல்லச் சொன்னது வேறு. நான் சொல்வது இது.’

போதும்ல? பணிவுடன், கிணிவுடன் ஒண்ணும் வேணாம். வேலை போனாப் போகட்டும், இந்தக் கைக்கு வேற மில்லு இல்லையா? ஒம்பது வருசம் அந்த ஒடம்பத் தூக்கிப் புரட்டுன கை இது. உள்ள வைக்கிறதுன்னா வைக்கட்டும், அவுகளுக்கு யாரு ஊட்டி விடுவான்னு அந்த ஆபீசரே வந்து பதில் சொல்லட்டும்.

இந்தா, பேனாவப் புடி. விருதுநகர் வந்துருச்சு, காலை மடக்கு, நான் எறங்குறேன். சாயங்காலம் இதுல ஒரு நகலக் கொண்டுபோயி அவுக மூஞ்சிக்கு முன்னால நீட்டுவேன். அந்த மிசின வச்சு இதுல ஒரே ஒரு எழுத்த மாத்தட்டும், பாப்போம்.